பேரம் பேசும் மென்பொருள்: விலையோடு நாளும் குறைகிறதா? தங்கவயல் சிறு பட்டறைகள் அறிய வேண்டியவை

ஆண்டர்சன்பேட்டை (கோலார் தங்கவயல்): பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறை உரிமையாளர், கொள்முதல் அதிகாரியை நேரில் கண்டு விலை பேசி ஆணை பெற்ற காலம் மாறி வருகிறது. தேவையைப் பதிவு செய்தல், ஒப்புதல் பெறுதல், விலைப்புள்ளி கோருதல், ஒப்பிடுதல், பேரம் பேசுதல் ஆகிய பணிகளில் பெரும்பகுதியை மென்பொருள்களே மேற்கொள்ளத் தொடங்கியுள்ளன. இந்த முறை எவ்வாறு இயங்குகிறது, இதில் சிறு தொழில்முனைவோருக்கு எங்கே ஆதாயம், எங்கே ஆபத்து என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

தங்கவயலுக்கு ஏன் முக்கியம்?

நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை வாழவைத்த தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பின்னர் ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை பகுதிகளைச் சேர்ந்த பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். உள்ளூரில் எஞ்சியிருக்கும் பெரிய தொழிற்சாலை, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிறுவனமான பெமல் ஆகும். 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் தங்கவயல் வளாகத்தில் புல்டோசர், எக்ஸ்கவேட்டர் உள்ளிட்ட மண் அகழும் இயந்திரங்கள் தயாரிக்கப்படுகின்றன.

இத்தகைய இயந்திரம் ஒன்றில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ளன. அவை அனைத்தையும் ஒரே தொழிற்சாலை தானே செய்துகொள்வதில்லை. லேத் வேலை, வெல்டிங், தகடு வெட்டுதல் போன்றவை வெளியிலுள்ள சிறு தொழிலகங்களுக்குச் செல்கின்றன. கோலார் மாவட்டத்தின் நரசாபுரா, வேமகல் தொழிற்பேட்டைகளில் இயங்கும் தனியார் நிறுவனங்களும் இதேபோன்று வெளியிலிருந்து பொருள்களை வாங்குகின்றன. எனவே, வாங்கும் முறை மாறும்போது அதன் தாக்கம் பட்டறைகளின் கல்லாப்பெட்டி வரை வந்து சேர்கிறது.

கொள்முதல் கோரிக்கை எவ்வாறு நகர்கிறது?

தொழிற்சாலையின் ஒரு பிரிவுக்கு ஏதேனும் பொருள் தேவைப்பட்டால் முதலில் எழுவது கொள்முதல் கோரிக்கை. என்ன பொருள், எத்தனை, எந்தத் தரம், எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். முன்பு இது காகிதத்தில் எழுதப்பட்டு மேசைக்கு மேசை நகர்ந்தது. ஓர் அதிகாரி விடுப்பில் இருந்தால் கோப்பும் அங்கேயே நின்றது.

தானியங்கி முறையில் இந்தக் கோரிக்கையைப் பல நேரங்களில் மனிதர் எழுதுவதே இல்லை. இந்த மாதம் எத்தனை இயந்திரங்கள் தயாரிக்கப்பட வேண்டும் என்ற உற்பத்தித் திட்டம் கணினியில் பதிவாகிறது. ஓர் இயந்திரத்துக்கு எந்தெந்தப் பாகம் எத்தனை தேவை என்ற பட்டியலும் அங்கே உள்ளது. கிடங்கில் உள்ள இருப்பைக் கழித்து, மீதித் தேவைக்கான கோரிக்கையை மென்பொருளே உருவாக்குகிறது. அதே பொருளை வேறு பிரிவும் கேட்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக்குகிறது. தொகைக்கு ஏற்ற அதிகாரியிடம் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த நிலை அதிகாரிக்குத் தெரிவிக்கிறது.

ஒப்புதல் கிடைத்ததும், பதிவு பெற்ற விற்பனையாளர்களுக்கு விலைப்புள்ளி கோரும் அறிவிப்பு செல்கிறது. விலைகள் ஒப்பிடப்பட்டு, தேர்வானவருக்குக் கொள்முதல் ஆணை வெளியாகிறது. சரக்கு வந்த பின்னர் ஆணை, சரக்கு வரவுப் பதிவு, விற்பனையாளரின் பில் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று மென்பொருள் சரிபார்க்கிறது. பொருந்தினால் பணம் வழங்கும் வரிசையில் பில் சேர்கிறது. எண்ணிக்கையிலோ விலையிலோ சிறு வேறுபாடு இருந்தாலும் பில் தடுத்து நிறுத்தப்படுகிறது.

பட்டறைகள் பொதுவாகத் தடுமாறும் இடம் இதுவே. ஆணையில் உள்ள பொருள் குறியீட்டு எண்ணை பில்லில் மாற்றி எழுதுவது, நூறு பாகங்களுக்கான ஆணைக்குத் தொண்ணூற்றைந்தை மட்டும் அனுப்பி நூறுக்கு பில் போடுவது போன்ற பிழைகளை நேரில் சொல்லி முன்பு சரிசெய்ய முடிந்தது. மென்பொருளிடம் அவ்வாறு விளக்கம் சொல்ல இயலாது.

பொதுத்துறையில் பேரம்: தலைகீழ் ஏலம்

பொதுத்துறையில் ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்ட பிறகு விலை பேசுவதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. அத்தகைய பேச்சு ஊழலுக்கு வழிவகுக்கக்கூடும் என்பதால், மிகக் குறைந்த விலை அளித்தவரிடம்கூடப் பேரம் பேசக் கூடாது என மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையில் அறிவுறுத்தியது. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உரிமையுள்ள பொருள், மிகச் சிலரே விற்கும் பொருள், விற்பனையாளர்கள் கூட்டுச் சேர்ந்து விலை வைத்த ஐயம் போன்ற விதிவிலக்கான நிலைகளில் மட்டுமே அதற்கு இடமுண்டு.

மனிதப் பேரத்துக்குப் பதிலாக வந்த கருவிகளுள் ஒன்று தலைகீழ் ஏலம். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். தகுதி பெற்ற விற்பனையாளர்கள் குறித்த நேரத்தில் கணினி முன் அமர்ந்து, திரையில் தெரியும் குறைந்த விலையைவிடக் குறைவான விலையைப் பதிவு செய்கின்றனர். இறுதி நிமிடங்களில் புதிய விலை வந்தால் ஏல நேரம் தானாக நீளும். யாரும் குறைக்க முன்வராதபோது ஏலம் முடிகிறது.

மத்திய அரசின் ஜெம் மின்னணுச் சந்தை 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி தொடங்கப்பட்டது. இத்தளத்தில் சிறு தொகைக்கு நேரடிக் கொள்முதலும், நடுத்தரத் தொகைக்கு வெவ்வேறு உற்பத்தியாளர்களின் விலை ஒப்பீடும், பெரிய தொகைக்கு இணையவழி ஒப்பந்தப்புள்ளி அல்லது தலைகீழ் ஏலமும் நடைபெறுகின்றன. பெமல் உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்கள் இத்தளத்தையும் தங்களது சொந்த மின்னணுக் கொள்முதல் தளங்களையும் பயன்படுத்துகின்றன.

இதனால் ஆதாயமும் உண்டு. அதிகாரியின் அறிமுகம் இல்லாத புதிய பட்டறையும் ஒப்பந்தப்புள்ளியைக் காண முடிகிறது. யார் எந்த நேரத்தில் என்ன விலை அளித்தார் என்பதும் பதிவாகிறது. ஆனால் ஏலத்தின் வேகத்தில், அடக்க விலைக்கும் கீழே இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மூலப்பொருள், கூலி, மின்கட்டணம், கழிவு, போக்குவரத்து, கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டி, இதற்குக் கீழே செல்வதில்லை என்ற தொகையை ஏலத்துக்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

குறு, சிறு உற்பத்தியாளர்களுக்குச் சட்டம் தரும் மற்றொரு வழியும் உள்ளது. 2012ஆம் ஆண்டு பொதுக் கொள்முதல் கொள்கையின்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்களது ஆண்டுக் கொள்முதலில் குறிப்பிட்ட பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதமாக இருந்த இப்பங்கு பின்னர் 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதில் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது.

இக்கொள்கையின்படி, மிகக் குறைந்த விலையை அளித்தவர் பெரிய நிறுவனமாக இருந்து, சிறு நிறுவனத்தின் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தால், அதே குறைந்த விலைக்கு இறங்கி வந்து தேவையின் ஒரு பகுதியை வழங்கும் வாய்ப்பு சிறு நிறுவனத்துக்கு அளிக்கப்படுகிறது. முன்வைப்புத் தொகை செலுத்துவதிலிருந்தும் விலக்கு உண்டு. விலைப்புள்ளி அளிக்கும்போதே உத்யம் பதிவுச் சான்றை இணைத்து இச்சலுகையைக் கோர வேண்டும். கோராதவருக்கு மென்பொருள் தானாக வழங்காது.

தனியார் துறையில் பேரம்: உரையாடும் மென்பொருள்

தனியார் துறையில் மாற்றம் மேலும் ஒரு படி சென்றுள்ளது. பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் பல்லாயிரம் விற்பனையாளர்கள் இருப்பதால், சிறு தொகை விற்பனையாளர்கள் அனைவரிடமும் அமர்ந்து பேச ஊழியர்கள் போதுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே உரையாடும் மென்பொருள் வந்தது.

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், எஸ்டோனியாவில் தோன்றிய பாக்டம் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு 2021ஆம் ஆண்டு கனடாவில் முன்னோட்டம் நடத்தியது. 89 விற்பனையாளர்களில் 64 சதவீதத்தினருடன் உடன்பாடு எட்டப்பட்டது. 20 சதவீதத்தினருடன் உடன்பாடு கிடைத்தாலே போதும் என்பதே தொடக்க இலக்காக இருந்தது. சராசரியாக 11 நாள்களில் பேச்சு முடிந்தது. விலையில் 1.5 சதவீதம் மிச்சமானது. பணம் செலுத்தும் காலமும் சராசரியாக 35 நாள்கள் என்ற அளவுக்கு நீட்டிக்கப்பட்டது.

பேரம் விலையில் மட்டும் நடைபெறவில்லை என்பதையே இந்த 35 நாள்கள் காட்டுகின்றன. விலை, அளவு, தள்ளுபடி, ஒப்பந்தக் காலம், பணம் தரும் நாள் ஆகிய அனைத்தையும் மென்பொருள் ஒரே நேரத்தில் எடைபோடுகிறது. ஒன்றில் விட்டுக்கொடுத்து மற்றொன்றில் பெறுகிறது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பட்டறை ஒன்று 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறது என்றும், நடைமுறை மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் பெற்றுள்ளது என்றும் கொள்வோம். விலையில் 1.5 சதவீதம் குறைத்தால் 15,000 ரூபாய் குறையும். பணம் 35 நாள்கள் தாமதமானால் அதற்கான வட்டி சுமார் 11,500 ரூபாய். முதல் தொகை ஒப்பந்தத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது தொகை வங்கிக் கணக்கில்தான் தெரிகிறது. உண்மையில் விட்டுக்கொடுத்தது 1.5 சதவீதம் அன்று; ஏறத்தாழ 2.65 சதவீதம்.

45 நாள்: மென்பொருளால் மாற்ற முடியாத எல்லை

இந்தியாவில் இந்த நாள் கணக்குக்குச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை ஒப்பந்தத்தில் குறித்த நாளுக்குள் தர வேண்டும். அந்த நாள் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாள்களைத் தாண்டக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாள்கள்.

மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டு வழங்க வேண்டும் என 16ஆவது பிரிவு கூறுகிறது. 90 நாள் கெடுவுக்குச் சம்மதம் என்று திரையில் பொத்தானை அழுத்தியிருந்தாலும், இச்சட்டத்தின் பாதுகாப்பு அதனால் நீங்குவதில்லை.

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சரக்கு வந்து சேர்ந்த 15 நாள்களுக்குள் வாங்குபவர் எழுத்துப்பூர்வமாகக் குறை தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். நிறுவனத்தின் மென்பொருள், பில்லைப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கலாம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. எனவே, தேதியும் முத்திரையும் இட்ட சரக்கு ரசீதின் நகலைப் பாதுகாப்பது அவசியம்.

குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு கடந்து தரப்படும் தொகையை, அது உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என வருமான வரிச் சட்டத்திலும் 2023ஆம் ஆண்டு 43பி(எச்) பிரிவு சேர்க்கப்பட்டது. இதனால் காலத்தில் பணம் தருவதில் வாங்கும் நிறுவனத்துக்கும் அக்கறை உண்டாகிறது.

பணம் வராதபோது இணையவழியில் முறையிடலாம். முறையீடு மாநில அரசின் வசதியாக்கக் குழுவுக்குச் செல்லும். வாங்குபவருடனான உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கு டிரெட்ஸ் எனப்படும் இணையவழி பில் தள்ளுபடித் தளங்கள் உள்ளன. வாங்கும் நிறுவனம் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டு வட்டி விகிதம் கூறுகின்றன. பட்டறைக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கிறது. வங்கி பின்னர் வாங்கும் நிறுவனத்திடமிருந்து வசூலித்துக்கொள்கிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இத்தளங்களில் பதிவு செய்வது கட்டாயமாகும்.

பதிவு இல்லையெனில் பாதுகாப்பு இல்லை

இப்பாதுகாப்புகளைப் பெற அடிப்படையானது உத்யம் பதிவு. 2020ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. உத்யம் எண்ணைக் கொள்முதல் ஆணை பெறும் முன்பே வாங்கும் நிறுவனத்தின் விற்பனையாளர் பதிவில் சேர்த்துவிட வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால், 45 நாள் வரம்புக்கு உட்பட்ட பட்டறை என்பதை மென்பொருள் அறியாது.

பேரம் பேசும் மென்பொருளிடமிருந்து அழைப்பு வந்தால், உடனே சம்மதம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விலையைக் குறைக்க இயலாதவர்கள் அளவை அதிகரிக்கக் கேட்கலாம். ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். முன்கூட்டியே பணம் தந்தால் தள்ளுபடி தருவதாகக் கூறலாம். இவை அனைத்தும் அந்த மென்பொருள்கள் எடைபோடும் நிபந்தனைகளே. மூலப்பொருள் விலை ஏறியதால் தர இயலாது என்பது போன்ற காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, அதிகாரியுடன் பேச வேண்டும் என்று கோரவும் செய்யலாம். மென்பொருள் பேசினாலும், ஒப்பந்தத்துக்கும் 45 நாள் கெடுவுக்கும் பொறுப்பு அதைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கே உரியது.