ஒரு செய்தி, பல முற்றங்கள்

ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமானால் செய்தி ஒன்றுதான். ஆயினும் அதைத் தெரிவிக்கும் முறை ஒன்றன்று. தாய்மாமன் வீட்டிற்குத் தாம்பூலத் தட்டுடன் நேரில் செல்கிறோம். அண்டை வீட்டாரை வாசலில் நின்று அழைக்கிறோம். தொலைவில் இருப்போர்க்குத் தபாலில் அழைப்பிதழ் அனுப்புகிறோம். இம்முறையை மாற்றித் தாய்மாமனுக்கும் தபால் ஒன்றை அனுப்பிவிட்டு வாளாவிருந்தால் என்ன நிகழும்? மணநாளன்று அவர் இருக்கை வெறுமையாகவே இருக்கும்! செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. உரியவரை உரிய முறையில் சேர வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று செய்திகள் சென்று சேரும் முற்றங்கள் பெருகிவிட்டன. முகநூல் 2004-ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005-ஆம் ஆண்டிலும், டுவிட்டர் என்ற பெயருடன் பிறந்த எக்ஸ் 2006-ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009-ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010-ஆம் ஆண்டிலும் தோன்றின. ஒரே படத்தையோ, எழுத்தையோ, காணொளியையோ இவற்றுள் பலவற்றில் இடுவதையே பல தளப் பகிர்வு என்கிறோம். ஒரு விரலசைவில் முடிந்துவிடும் செயல்தான். எனினும் இதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. அது யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பழைய பாடம்

இச்சிக்கல் நேற்றுத் தோன்றியதன்று. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் யூஸ்நெட் என்னும் கணினிவழிச் செய்திக் குழுக்களுக்கு வித்திட்டனர். அதில் ஒரு மடலைப் பல குழுக்களுக்கு ஒருங்கே அனுப்பும் வசதி இருந்தது. அவ்வாறு அனுப்பினால், ஒரு குழுவில் அதைப் படித்தவருக்கு மற்றக் குழுவில் அது மீண்டும் தோன்றாதபடி படிக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மாறாக, ஒவ்வொரு குழுவிற்கும் தனித்தனியாக அனுப்பினால், படிப்பவர் அதே மடலைத் திரும்பத் திரும்பக் காண நேரிடும். முன்னது பண்பு என்றும் பின்னது பண்பின்மை என்றும் அன்றே கருதினர்.

1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதியர் இருவர், தங்கள் தொழிலுக்கான விளம்பரம் ஒன்றை 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களுக்குத் தனித்தனியே அனுப்பினர். சினமுற்றோர் எழுதிய மறுமொழிகள் வெள்ளமெனப் பாய்ந்தன. அவர்களுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினியே செயலிழந்தது. அவர்களது கணக்கும் நீக்கப்பட்டது. மறு ஆண்டு, 1995 அக்டோபரில், இணைய நாகரிகம் பற்றிய விதித்தொகுப்பு ஒன்று வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மடற்குழுக்களுக்கு ஒரே மடலை அனுப்புவோர், அதற்காகப் பொறுத்தருளக் கோரி ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. படிப்பவரின் நேரம் நமக்குச் சொந்தமன்று என்பதே அதன் உட்பொருள்.

இடமறிந்து எழுதுதல்

ஒவ்வொரு தளத்திற்கும் ஓர் இயல்பு உண்டு. எக்ஸ் தளத்தில் கட்டணமின்றி எழுதுவோர்க்கு ஒரு பதிவிற்கு 280 குறிகளே அளவு. இதில் தமிழ் எழுதும் நமக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ‘பூ’ என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ ‘ப’ ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என இரண்டு. ஆகவே முகநூலில் எழுதிய நீண்ட கட்டுரையை அப்படியே அங்குக் கொண்டுசென்றால் அது பாதியில் அறுந்து நிற்கும்.

இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் ஓர் இணைய முகவரியைத் தந்தால், அதை அழுத்தித் திறக்க இயலாது. எனவே, “கீழுள்ள இணைப்பைத் திறந்து காண்க” என்ற முகநூல் வாசகம் அங்குப் பொருளற்றதாகிவிடும். ஒருவர் பெயரை @ குறியுடன் சுட்டும் வழக்கமும் அத்தகையதே. ஒரு தளத்தில் நம் தோழிக்கு உரிய பெயர், மற்றொரு தளத்தில் முன்பின் அறியாத ஒருவருக்கு உரியதாக இருக்கக்கூடும். பாராட்டு ஒருவருக்கு, அழைப்பு மற்றொருவருக்கு என்றாகிவிடும்!

நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் எடுத்த காணொளி யூடியூபின் அகன்ற திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டையுடன் நடுவில் ஒடுங்கி நிற்கும். எனவே ஒவ்வோர் இடத்திற்கும் ஏற்பச் சொற்களைச் சுருக்கியும், படத்தைத் திருத்தியும், அங்குள்ளோரை விளித்தும் எழுதுவதே முறை. எல்லாத் தளங்களிலும் தானாகவே பதியும்படி அமைத்துவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பவர், கதவைத் தட்டிவிட்டு ஓடும் சிறுவனை ஒத்தவர் ஆவார். யாரேனும் ஓர் ஐயம் கேட்டால் விடை கூறுவார் யார்?

மும்முறை தட்டப்படும் கதவு

வகுப்புத் தோழியர் குழுவிலும், முன்னாள் மாணவியர் குழுவிலும், ஊர்க்குழுவிலும், உறவினர் குழுவிலும் பெரும்பாலும் இருப்போர் அதே மனிதர்களே. காலை வணக்கப் படம் ஒன்றை நான்கிலும் இட்டால், அத்தை அதை நான்கு முறை திறந்து பார்க்க வேண்டும். அவர் வயதில் பெரியவர். அவசரச் செய்தியோ என்று அஞ்சிக் கண்ணாடியைத் தேடி எடுத்தல்லவா படிக்கிறார்! யாருக்கு இது தேவை என்று எண்ணி, ஒரு குழுவில் மட்டும் இடுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

இரத்த தானம் வேண்டும் செய்திபோல் விரைந்து பரவ வேண்டியவையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றைப் பல இடங்களில் இடுவது தவறன்று, கடமையே ஆகும். ஆனால் நாள், நேரம், மருத்துவமனையின் பெயர், இரத்தப் பிரிவு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். தேவை நிறைவேறியதும், எங்கெல்லாம் இட்டோமோ அங்கெல்லாம் சென்று, “கிடைத்துவிட்டது, நன்றி” என எழுதவும் வேண்டும். இல்லையேல் துயரில் இருக்கும் குடும்பத்திற்கு அழைப்புகள் ஓயாது வந்தவண்ணம் இருக்கும்.

பிறருக்கு உரியது

தோழி வரைந்த ஓவியத்தையோ எழுதிய கவிதையையோ மற்றொரு தளத்திற்குக் கொண்டுசெல்லும்போது அவள் பெயர் உதிர்ந்துவிடலாகாது. ஓவியம், இலக்கியம், ஒளிப்படம் ஆகியவற்றைப் படைத்தோர்க்கு 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் உரிமை வழங்கியுள்ளது. அனுமதி பெறுவதும் பெயர் குறிப்பிடுவதும் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் செய்வனவல்ல. நட்பிற்குச் செய்யும் நேர்மையும் ஆகும்.

இதனினும் கவனத்திற்குரியது படங்களில் உள்ள முகம். நாற்பது பேர் அடங்கிய வகுப்புக் குழுவில் ஒருத்தி தன் படத்தை இடுகிறாள் எனில், அந்த நாற்பது பேரை நம்பியே இடுகிறாள். அதை எவரும் காணக்கூடிய பொதுத் தளத்திற்கு நாம் மாற்றினால், அவள் அளிக்காத இசைவை நாமே எடுத்துக்கொண்டவர் ஆவோம். சீருடையில் உள்ள முத்திரை பள்ளியைக் காட்டிக்கொடுக்கும். பின்னால் நிற்கும் பேருந்தின் எண் செல்லும் வழியைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பெருமையுடன் பகிரும் பெற்றோரும் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

வால் அறுந்த செய்தி

ஒரு முற்றத்திலிருந்து மற்றொன்றிற்குத் தாவும்போது செய்தி தன் பின்னணியை இழந்துவிடுவதுண்டு. இதன் கொடுமையை 2018-ஆம் ஆண்டில் நம் நாடு கண்டது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்பிற்கென ஒரு விழிப்புணர்வுப் படம் எடுக்கப்பட்டிருந்தது. தெருவில் விளையாடும் குழந்தையை மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தூக்கிச் செல்வர். பின் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டுவர். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டியெறிந்தனர். எஞ்சிய துண்டு, உண்மையான குழந்தைக் கடத்தலாக வாட்ஸ்அப் வழியே இந்தியாவில் பரவியது. அறியாதோர் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். குழந்தைக் கடத்தல் வதந்திகள் தமிழ்நாட்டிலும் பரவியிருந்த அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தமைக்காகத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அன்பின் அடையாளமே அவருக்கு எமனாயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு வேளையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. செய்தியின் மேல் தோன்றும் இரட்டை அம்புக்குறி அதனையே உணர்த்துகிறது. அக்குறியைக் கண்டதும் நம் விரல் சற்றே தயங்க வேண்டும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. இச்செய்தி இங்குள்ளோர்க்குத் தேவைதானா என முதலில் எண்ணுதல்.
2. அந்தந்த இடத்திற்கேற்ப எழுத்தையும் படத்தையும் அமைத்தல்.
3. படைத்தவர் பெயரையும், படத்தில் உள்ளவர் இசைவையும் மறவாதிருத்தல்.
4. மூலத்தை முழுமையாகக் கண்ட பின்னரே பகிர்தல்.
5. எங்கெங்கு இட்டோம் என்பதை நினைவிற்கொண்டு, பிழை நேர்ந்தால் அங்கெல்லாம் திருத்துதல்.

கருவி புதியது, பண்பாடு பழையது. தாய்மாமன் வீட்டிற்குத் தட்டேந்திச் சென்ற கைகளே இன்று கைபேசியை ஏந்துகின்றன. நேரில் ஒருவர்முன் சொல்லக் கூசும் ஒன்றைத் திரையின் பின்னிருந்து நூறு பேருக்குச் சொல்லாதிருப்போம். சொல்லத்தக்கதை, சொல்லத்தக்க இடத்தில், சொல்லத்தக்க முறையில் சொல்லி, நம் இல்லங்களுக்கும் பள்ளிக்கும் நற்பெயர் சேர்ப்போமாக!