ரத்தம் போய்வர ஒரு வழி

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு யந்திரத்தின் உதவியால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வரும்போது, அந்த யந்திரம் என்ன விலை, வாரத்துக்கு எத்தனை நாள் போகவேண்டும், எவ்வளவு செலவாகும், என்ன சாப்பிடலாம் என்றெல்லாம் விஸ்தாரமாக விசாரிக்கிற நாம், உடம்பில் ஓடும் ரத்தம் அந்த யந்திரத்துக்குப் போவதற்கும் சுத்தமாகித் திரும்பி வருவதற்கும் வழி எது என்ற கேள்வியை மட்டும் அநேகமாகக் கேட்பதே இல்லை. வருஷக்கணக்காக டயாலிசிஸ் செய்துகொள்கிறவரின் ஆயுளும் சௌக்கியமும் யந்திரத்துக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கின்றனவோ, அதற்குக் குறையாமல் அந்த வழிக்கும் கடமைப்பட்டிருக்கின்றன.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். யந்திரமோ நிமிஷத்துக்கு 300 மில்லி லிட்டர் வீதம் அதை இழுக்கிறது. நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர், அதாவது இருக்கிற ரத்தம் முழுவதும் பதினான்கு தடவை வெளியே போய்த் திரும்பும் அளவு. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்களே, ஜனங்கள் நரம்பு என்று சொல்லும் அந்தச் சிரை, இவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் சற்று நேரத்திலேயே சுருங்கி ஒட்டிக்கொண்டுவிடும். தமனிக்கு வேகம் உண்டு; ஆனால் அது ஆழத்தில் கிடப்பது, வாரம் மூன்று முறை பெரிய ஊசியால் குத்துவதற்கு இடம் கொடாதது. வேகம் ஓரிடத்தில், எட்டும் தூரம் வேறோரிடத்தில்: முதல் இருபது வருஷ காலம் டாக்டர்களைத் திணற வைத்த சங்கடம் இதுதான்.

1943-ஆம் வருஷம், ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்து தேசத்தில், காம்பென் என்ற சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கியபோது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் புதிதாக ஒரு ரத்தக் குழாயைத் தேடி அறுத்துக் குழல் செருக வேண்டியிருந்தது. அவருடைய ஆரம்பகால நோயாளிகளில் ஒருத்தி 29 வயதுப் பணிப்பெண். பன்னிரண்டு தடவை யந்திரம் அவளுடைய ரத்தத்தைச் சுத்திகரித்தது. அதற்குமேல் அறுப்பதற்குக் குழாய் மிச்சமில்லை. யந்திரம் பழுதில்லாமல் பக்கத்திலேயே நிற்க, அவள் இறந்துபோனாள். ஆகவே வெகுகாலம் வரையில் இந்தச் சிகிச்சை, சில நாளில் தானே தேறிவிடக்கூடிய சிறுநீரகத்தை அதுவரையில் தாங்கிப் பிடிப்பதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது.

இந்த முட்டுக்கட்டையை முதலில் அகற்றியவர் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர். மணிக்கட்டுக்கு அருகே தமனியில் ஒரு குழலும் சிரையில் ஒரு குழலுமாகச் செருகி, அவற்றை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்து, சிகிச்சை இல்லாத வேளைகளில் இரண்டையும் வளைந்த சிறு குழல் ஒன்றினால் வெளிப்புறமாக இணைத்துவிட்டால் ரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அவர் கண்ட யுக்தி. வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர் டெஃப்லான் குழல்களைக் கொண்டு அதைச் செய்து கொடுத்தார். 1960 மார்ச்சில் இந்த ஏற்பாட்டுடன் சிகிச்சை தொடங்கிய கிளைடு ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளி பின்னும் பதினொரு வருஷம் உயிர் வாழ்ந்தார். அதுவரையில் மரண தண்டனையாக இருந்த ஒரு வியாதி, சிகிச்சை செய்துகொண்டே காலம் தள்ளக்கூடியதாக மாறியது அந்த வருஷத்தில்தான். எனினும் கைக்கு வெளியே தொங்கும் குழலில் ரத்தம் உறைவதும், தோல் வழியே கிருமி புகுவதும், குழல் பிடுங்கிக்கொண்டால் ரத்தம் பெருகுவதும் ஓயவில்லை.

இன்று உலகெங்கும் முதலிடம் பெற்றிருக்கும் முறை நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் சிமினோவும் மைக்கேல் பிரெஸியாவும், யுத்தத்தில் குண்டடி பட்டவர்களில் சிலருக்குத் தமனியும் சிரையும் தற்செயலாக ஒன்றோடொன்று இணைந்துபோய், அந்தச் சிரை விரலளவு பருத்து நிற்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த சங்கதியாக இருந்ததை எண்ணிப் பார்த்தார்கள். காயத்தால் விளைவதைக் கத்தியால் ஏன் விளைவிக்கக் கூடாது? கென்னத் அப்பெல் என்ற அறுவை நிபுணர் 1965-ல் மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்துத் தமனியை அடுத்துள்ள சிரையோடு சேர்த்துத் தைத்தார். 1966-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது சக வைத்தியர்கள் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பையே பின்னுக்குத் தள்ளப்போகிற அந்த முறையின் மதிப்பை உடனே உணர்ந்தவர் ஸ்க்ரிப்னர்தான் என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சி.

இந்த அறுவை என்ன செய்கிறது என்பதை நம் ஊர் விவசாயிக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வாய்க்கால் தண்ணீர் வயலெல்லாம் கசிந்து பாய்ந்து மெல்ல வடிகாலை அடைவதுதான் வழக்கம். நடுவே உள்ள வரப்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டால், வயலைச் சுற்றாமல் நேரே பாயும் தண்ணீர் வடிகாலையே வாய்க்கால் போல அகலமாக்கிவிடும். நிமிஷத்துக்கு 20, 30 மில்லி லிட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மணிக்கட்டுத் தமனியில், இணைப்புக்குப் பிறகு 500-க்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தைத் தாங்கித் தாங்கிச் சிரையின் சுவர் தடித்து, குழாய் விரிந்து, தோலுக்கடியில் கயிறு போலப் புடைத்து நிற்கும். இதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் இடைவிடாத ஓர் அதிர்வு தெரியும்; ஸ்டெதஸ்கோப்பில் சலசலவென்ற ஓசை கேட்கும்.

ஆனால் இது இன்று தைத்து நாளை குத்தக்கூடியதல்ல. பக்குவப்பட ஆறு வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். சிரை மெலிந்தவர்களுக்கும், நெடுநாள் நீரிழிவினால் தமனி கெட்டிப்பட்டவர்களுக்கும் பக்குவப்படாமலே போவதும் உண்டு. அதனால்தான் அறுவைக்கு முன் ஸ்கேன் செய்து குழாயின் அகலத்தை அளந்து பார்க்கிறார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குச் சாதாரணமாக இடது மணிக்கட்டில் ஆரம்பிப்பார்கள். அது ஒத்துவராவிட்டால் முழங்கைக்குப் போவார்கள். கீழிருந்து மேலே போவதில் ஒரு சிக்கனம் இருக்கிறது: மணிக்கட்டு தவறினால் முழங்கை மிச்சமிருக்கும், எடுத்த எடுப்பில் முழங்கையைச் செலவழித்தவருக்குக் கீழே திரும்பி வருவது கடினம்.

ஃபிஸ்டுலா அமைந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசிகள்: ஒன்று ரத்தத்தை எடுக்க, மற்றது திருப்பிச் செலுத்த. சாதாரண ஊசி அல்ல. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத பருமன். வாரம் மூன்று முறை என்றால் வருஷத்துக்கு 312 குத்து. வலி குறைவாக இருக்கிறது என்று ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றிக் குத்தச் சொல்லும் நோயாளிகள் உண்டு. வேலை சுலபமாக முடிகிறது என்று அதற்கு இசைந்துவிடும் டெக்னீஷியன்களும் உண்டு. நாளடைவில் அந்த இடம் தளர்ந்து பலூன் போல வீங்கும். நீளவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றிக் குத்துவதே நெடுநாளைக்கு நல்லது. ஊசியை எடுத்ததும் பஞ்சுத்துணியை வைத்துப் பத்து நிமிஷம் அளவாக அழுத்திப் பிடிக்கிற பொறுமையும், அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, இறுக்கமான வளையல், கடிகாரம், தலைக்கு வைத்துத் தூங்குவது ஆகிய எதையும் அனுமதிக்காத கண்டிப்பும் சேர்ந்தால், ஃபிஸ்டுலா பல வருஷம் உழைக்கும்.

ஃபிஸ்டுலாவுக்கேற்ற சிரை அகப்படாதவர்களுக்கு அடுத்த உபாயம் கிராஃப்ட். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானின் இனத்தைச் சேர்ந்த மெல்லிய செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் பதித்து, ஒரு முனையைத் தமனியிலும் மறு முனையைச் சிரையிலும் தைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் குத்தத் தொடங்கலாம். ஆனால் அன்னியப் பொருள் அன்னியப் பொருள்தான். ரத்தம் உறைவதும் கிருமி பற்றுவதும் ஃபிஸ்டுலாவைவிட இதில் அதிகம்.

மூன்றாவது, கழுத்தில் போடும் கேத்தீட்டர். அவசரத்துக்கு இதைப்போல வேறில்லை. போட்ட அன்றே சிகிச்சை தொடங்கலாம், ஊசியும் குத்த வேண்டாம். சில நாளைக்கென்று போடுவது ஒரு வகை. மார்புத் தோலுக்கடியில் சுரங்கம் போல நுழைத்து இதயத்தின் வலது மேலறை வரையில் கொண்டுபோய் விட்டு, மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது இன்னொரு வகை. பெர்ம்கேத் என்று நோயாளிகள் சொல்வது இந்த இரண்டாவது. இதில் ஒரு சிறு துணிப்பட்டி இருக்கிறது. தோலுக்கடியில் சதை வளர்ந்து அதைப் பற்றிக்கொள்வதால் குழாய் நழுவாது, வெளிக் கிருமியும் எளிதில் உள்ளே ஊர்ந்து போகாது. இருந்தும் ரத்தவோட்டத்தின் மையத்துக்கே போகிற குழாயின் மறுமுனை வெளியே தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. டயாலிசிஸ் தொடங்கி அரைமணியில் பல் கிட்டும்படி குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் இந்தக் குழாயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். தலைக்கு ஊற்றிக் குளிக்க முடியாது. காறை எலும்புக்கடியில் போட்ட கேத்தீட்டர், பிற்காலத்தில் அந்தப் பக்கத்துப் பெரிய சிரையையே குறுக்கி, அந்தக் கையில் ஃபிஸ்டுலாவுக்கு வழியில்லாமல் செய்துவிடலாம். அதைவிடக் கழுத்தை டாக்டர்கள் விரும்புவது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு, ஃபிஸ்டுலா உத்தமம், கேத்தீட்டர் அதமம் என்று எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இதயம் வெகுவாகப் பலவீனப்பட்ட முதியவருக்கு ஃபிஸ்டுலாவின் கூடுதல் ஓட்டமே பாரமாகலாம். சிலருக்கு விரல் நுனிகளுக்குப் போக வேண்டிய ரத்தம் குறுக்கு வழியில் போய்விட, கை குளிர்ந்து வலிக்கும். அமெரிக்கச் சிறுநீரக நிபுணர்களின் 2019-ஆம் வருஷத்து வழிகாட்டுதலும், ஒவ்வொரு நோயாளியின் வயதையும் எதிர்காலத்தையும் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் தகுதியான சிரைகள் இருந்தும், ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ள அவகாசம் இருந்தும், டயாலிசிஸ் என்ற பேச்சையே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்து, மூச்சு முட்டிய நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கழுத்தில் குழாயோடு சிகிச்சையைத் தொடங்குவது நம் நாட்டில் மிக சகஜம். என் அபிப்பிராயத்தில் இது வியாதியின் குற்றமல்ல. “இப்போதே எதற்குக் கையை அறுப்பது?” என்று கேட்கிற குடும்பத்துக்கு, அந்த இரண்டு மூன்று மாத அவகாசம் எதற்கென்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டு வருகிறது என்று உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ டாக்டர் சொல்லியிருந்தால், அடுத்த தடவை ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ வருகிற நர்ஸிடம், முன்கையையும் முழங்கை மடிப்பையும் விட்டுவிட்டுப் புறங்கையில் குத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா எப்போது போட வேண்டும் என்று டாக்டரை நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். ஏற்கெனவே ஃபிஸ்டுலா உள்ளவர்கள் தினமும் காலையில் அதைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வு தெரியவில்லையானால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உறைந்த ரத்தத்தைச் சீக்கிரமாக அகற்றினால் அந்த ஃபிஸ்டுலாவைக் காப்பாற்றிவிட வாய்ப்பு உண்டு.