கூரையில் வெயில், கூடத்தில் இருளா?

ஆவுடையார்கோவில் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது ஆத்மநாத சுவாமி ஆலயத்தின் கொடுங்கைதான். கருங்கல்லை மரச்சட்டம்போல் இழைத்துக் கூரை சமைத்த சிற்பிகளை வியக்காதவர் இல்லை. இன்று அவ்வூர்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய கூரை வேறொன்று உண்டு. அது அவரவர் வீட்டு மொட்டை மாடி.

2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார், ஒரு கோடி வீடுகளின் மேல் சூரியத் தகடுகள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தது. 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். பகலில் மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகும். இரவில் வேண்டியது அங்கிருந்து வரும். வரவு செலவை மீட்டர் எழுதிக்கொள்ளும்.

"அப்படியானால் ஊரெல்லாம் இருண்டாலும் நம் வீட்டில் விளக்கு எரியுமே!" என்று பலர் மகிழ்கிறார்கள். எரியாது. கம்பியில் மின்சாரம் நின்றதும், பாட்டரியில்லாத இந்த ஏற்பாடும் தானே நின்றுவிடும். இது குறையன்று, தர்மம். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரை நம் மாடி மின்சாரம் பறித்துவிடலாகாதல்லவா?

ஆனால் 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கரையேறியதைப் புதுக்கோட்டை ஜில்லா மறக்குமா? கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் கைகொடுப்பது பாட்டரிதான். முற்றிலும் தனித்து நிற்கும் ஏற்பாடு ஒரு வகை. கம்பியோடு இணைந்திருந்து, தடை நேர்ந்ததும் தெருவை விட்டு விலகி வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும் கலப்பு ஏற்பாடு மற்றொரு வகை. பாட்டரியின் விலை அதிகம். சில வருஷங்களில் மாற்றவும் வேண்டும். ஆகையால் வீடு முழுவதற்கும் ஆசைப்பட வேண்டாம். 9 வாட் விளக்கு நான்கும், 30 வாட் சிக்கன விசிறி இரண்டும் பத்து மணி நேரம் ஓட ஒரு யூனிட்கூட ஆகாது. குழந்தைகள் படிக்கவும் முதியோர் உறங்கவும் அது போதும்.

தகடு விற்க வருபவரிடம், "மாதம் எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். கூடவே, "புயலன்று என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். பதில் கிடைத்த பின்பு கையெழுத்திடலாம்.