கெய்ரோ கோட்டைக்குத் தண்ணீர் ஏறிய கதை

மலைமேல் கோட்டை கட்டினால் எதிரி எளிதில் ஏற முடியாது. தண்ணீரும் ஏறாது. முற்றுகை நீண்டால், மதில் இடியுமுன்பே உள்ளே இருப்பவர்களின் தொண்டை வறண்டுவிடும். கெய்ரோ கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கோபுரங்களையும் பள்ளிவாசல்களையும் சொல்வார்கள். எனக்கு அங்கே முதலில் சொல்லத் தோன்றுவது ஒரு கிணற்றைத்தான்.

1168இல் சிலுவைப் போர்ப் படை எகிப்துக்குள் புகுந்தபோது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று ஃபுஸ்தாத் நகருக்கே தீ வைத்தார்கள். அந்தச் சூடு ஆறாத காலத்தில் ஆட்சிக்கு வந்தவர் சுல்தான் சலாஹுத்தீன். கெய்ரோவையும் ஃபுஸ்தாத்தையும் ஒரே மதிலால் வளைப்பது, முகத்தம் மலையிலிருந்து நகரை நோக்கி நீளும் பாறை மேட்டில் கோட்டை எழுப்புவது என்று திட்டமிட்டு 1176இல் வேலையைத் தொடங்கினார். மேற்பார்வை கராகூஷ் என்ற தளபதிக்கு. கீஸாவின் சிறிய பிரமிடுகளிலிருந்து கல் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். போர்க்கைதிகள் அங்கே வேலை செய்ததை, 1183இல் வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் எழுதிவைத்திருக்கிறார். சலாஹுத்தீனுக்கோ அந்தக் கோட்டையில் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1182இல் சிரியாவுக்குப் போனவர் எகிப்துக்குத் திரும்பவே இல்லை.

அங்கே குடியேறியவர் அவருடைய தம்பி மகன் அல்காமில். மதிலை ஒட்டியிருந்த அரைவட்டக் கோபுரங்கள் சிலவற்றை வெளிப்புறமாகச் சுற்றிக் கட்டி, பெரிய வட்டக் கோபுரங்களாக்கினார். இப்படி வெளியே புடைத்த கோபுரத்தில் நிற்கும் வில்லாளி, மதிலின் அடியில் பதுங்குபவனையும் பக்கவாட்டில் குறிபார்க்கலாம். அதன்பின், சிறு இடைவெளிகள் தவிர, 1874 வரை எகிப்தை ஆண்டவர்களின் இருப்பிடம் இதுதான். இன்று நகரெங்கும் தெரியும் முகம்மது அலி பள்ளிவாசல் மிகவும் பிந்தியது. 1830இல்தான் அதைக் கட்டத் தொடங்கினார்கள்.

கிணற்றுக்கு வருவோம். பெயர் யூசுப் கிணறு. சலாஹுத்தீனின் இயற்பெயர் யூசுப். சுண்ணாம்புப் பாறையை வெட்டி இறக்கிய ஆழம் சுமார் 87 மீட்டர். அவ்வளவு ஆழத்திலிருந்து நீர் இறைக்க அன்று இருந்த பொறி சாகியா. செக்கு மாடு போல மாடு வட்டமாகச் சுற்றிவர, படுக்கைவாட்டில் இருக்கும் பல்சக்கரம் நிமிர்ந்த பல்சக்கரத்தைத் திருப்பும். அதன் அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தின்மேல், மண்கலயங்கள் வரிசையாகக் கட்டிய கயிற்று வளையம் தொங்கும். காலிக் கலயம் ஒருபக்கம் இறங்க, நிறைந்த கலயம் மறுபக்கம் ஏறி, உச்சியில் கவிழ்ந்து தொட்டியில் கொட்டும்.

ஆனால் 87 மீட்டர் ஆழத்துக்குக் கயிறு விட்டால், கயிற்றின் எடையும் கலயங்களின் எடையும் சேர்ந்து மாட்டால் இழுக்க முடியாத பாரமாகிவிடும். அதனால் கிணற்றை இரண்டாகப் பிரித்தார்கள். நடுவழியில் பாறையைக் குடைந்து ஒரு தளமும் தொட்டியும் அமைத்தார்கள். அங்கே சுற்றும் மாடுகள் அடியிலுள்ள நீரை அந்தத் தொட்டிக்கு ஏற்றும். தரைமட்டத்தில் சுற்றும் மாடுகள் அதை மேலே கொண்டுவரும்.

மாடு அந்தப் பாதி ஆழத்துக்கு எப்படிப் போகும்? இதற்கான விடையில்தான் அந்தக் கல்தச்சர்களின் மேதைமை தெரிகிறது. மேல்கிணற்றைச் சுற்றிலும் நத்தை ஓட்டின் சுருள்போலப் பாறைக்குள்ளேயே ஒரு சரிவுப்பாதை வெட்டினார்கள். பாதைக்கும் கிணற்றுக்கும் நடுவே மெல்லிய பாறைச் சுவரை விட்டுவைத்து, அதில் சாளரங்கள் திறந்தார்கள். கிணற்று வாய் வழியாக விழும் வெளிச்சம் அந்தச் சாளரங்களால் பாதைக்குள் வரும். வெட்டும்போது கை சற்றுத் தவறினாலும் அந்தச் சுவர் பெயர்ந்திருக்கும். அத்தனை ஆழத்துக்கும் உளியும் சுத்தியலும் கொண்டே அதைக் காத்திருக்கிறார்கள்.

அரண்மனைகள் பெருகியபோது கிணறு மட்டும் போதவில்லை. 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் நாசிர் முகம்மது, நைல் நீரைச் சாகியாக்களால் தூக்கி, வளைவுத் தூண்கள்மேல் ஓடும் கால்வாய் வழியாகக் கோட்டை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். தோட்டங்களுக்கும் குதிரைக் கொட்டில்களுக்கும் தண்ணீர் தாராளமாயிற்று. என்றாலும் அந்தக் கால்வாய் கோட்டைக்கு வெளியே, எதிரி இடிக்கக்கூடிய இடத்தில் இருந்தது. வாசல்களைச் சாத்திக்கொண்டு தாக்குப்பிடிக்க வேண்டிய நாளில் நம்பக்கூடியது பாறைக்குள் இருந்த கிணறுதான்.