மடக்குக் கத்தியின் மூட்டுவலி

பத்தொன்பது ஆண்டுகளாக என் காற்சட்டைப் பையில் கிடந்த மடக்குக் கத்தி, தைப்பூசத்துக்கு முந்தின இரவில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்துப் பந்தலில் இரண்டு மூட்டை எலுமிச்சை காத்துக் கிடந்தது. 513 படி ஏறி இறங்குகிறவர்களுக்கு விடிவதற்குள் சாறு பிழிந்தாக வேண்டும். பந்தலில் இருந்த பெரியவர் கத்தியை வாங்கி, அலகை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இதுக்கும் மூட்டுவலி வந்திருச்சா?" என்றார். கேலிதான். ஆனால் நோய் அதுதான்.

வீட்டுக்கு வந்து, தறைந்திருந்த ஆணியை அரத்தால் ராவி, கத்தியைப் பிரித்தேன். வெளியே தெரிந்த அலகில் ஒரு புள்ளித் துரு கிடையாது. அச்சாணி நுழையும் துளையைச் சுற்றி மட்டும் செம்மண்ணைக் குழைத்து அப்பியதுபோல் இருந்தது. அதே கத்தியில் புதிது ஒன்று வாங்கிவிடலாம் என்றால், அந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினேன். பழைய கடிகாரம், பித்தளைக் குத்துவிளக்கு, கால் உடைந்த தையல் இயந்திரம் எல்லாம் இருந்தன. என் கத்தி இல்லை.

அப்புறம்தான் உறைத்தது: நான் தேட வேண்டியது அந்தப் பெயரையா, அது செய்த வேலையையா? பத்தொன்பது ஆண்டு அது ஏன் தாங்கியது, கடைசியில் எதனால் படுத்தது? இது தெரிந்தால் அடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி துரு. நம் வீட்டு எவர்சில்வர் சொம்பு நாற்பது வருஷம் குழாயடியில் கிடந்தும் துருப்பிடிப்பதில்லை. அதே 'எவர்சில்வர்' கத்தி மட்டும் ஏன் பிடிக்கிறது? இரண்டும் ஒரே உலோகம் அல்ல என்பதுதான் விடை. சொம்பில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். அது துருவைத் தாங்கும். ஆனால் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் தக்காளித் தோலுக்கே மழுங்கிவிடும். கத்தி கடினமாக வேண்டுமானால் இரும்போடு கார்பன் சேர வேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

எஃகைத் துருவிலிருந்து காப்பது குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் தானாக இழைத்துக்கொள்ளும் ஒரு படலம். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினால் ஆக்சிஜன் கிடைத்த மறுகணமே தன்னைத் தைத்துக்கொள்ளும். கார்பனைக் கூட்டினால் அது குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடு மணிகளாகக் கட்டிவைத்துவிடுகிறது. படலம் நெய்யக் குரோமியம் குறைகிறது. கூர்மை நிற்க வேண்டும் என்றால் கார்பன் வேண்டும். துரு வரக்கூடாது என்றால் கார்பன் கூடாது. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் கலந்த எஃகை வார்த்தபோது, 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவ்வூர்க் கத்திக்காரர்கள் அவரைக் கிண்டல் செய்தார்களாம். அந்தக் கிண்டலில் பாதி வேதியியல் இருக்கிறது.

சரி, வெளியே துருப்பிடிக்காத அலகு மூட்டுக்குள் மட்டும் ஏன் துருப்பிடித்தது? படலம் தன்னைத் தைத்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும் என்றேனே, அச்சாணிக்கும் துளைக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடுக்கில் நீர் தேங்கினால் அங்கே ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கடற்காற்றின் உப்பில் உள்ள குளோரைடு உள்ளே கூடிக்கூடி, இடுக்கு புளித்த குட்டை ஆகிவிடுகிறது. இடுக்கு அரிப்பு என்று பொறியாளர்கள் அஞ்சுவது இதைத்தான். கப்பல்களையும் குழாய்களையும் தின்பதும் இதுவே. எலுமிச்சைச் சாறும் வியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பினாங்குக்கு இது சாதாரண விஷயமில்லை. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பில் துரு வேகம் பிடிக்கும். இங்கே அது 80ஐ ஒட்டியே நிற்கிறது. தண்ணீர்மலைப் பக்கம் இன்னும் மோசம். ஊர்ப் பெயரே அருவியால் வந்தது. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் இங்கே தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கும் முன்பே, இந்த அருவி நீர்தான் ஜார்ஜ் டவுனுக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் போனது. பாசி வளரும் இடத்தில் துருவும் வளரும்.

துருவே வேண்டாம் என்பவர்களுக்கு ஜப்பானில் 'எச்1' என்றொரு எஃகு இருந்தது. கார்பன் மிகக் குறைவு. தகட்டை அழுத்தி உருட்டியே கடினமாக்குவார்கள். கடலில் வேலை செய்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதன் உற்பத்தியும் நின்றுபோய், இப்போது 'எச்2' என்ற வாரிசு வந்திருக்கிறது. கத்தி மட்டுமல்ல, கத்தி செய்யும் உலோகமே கடையை மூடிக்கொள்ளும் காலம்!

கூர்மை பற்றி ஒரு வேடிக்கையான ஆய்வு உண்டு. எஃகைவிட மயிர் ஐம்பது மடங்கு மென்மையானது. பிறகு ஏன் சவரக் கத்தி மழுங்குகிறது? 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதைச் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் தன் தாடியைத் தானே மழித்து, பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். கூர்முனை தேயவில்லை, சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது! மயிர் ஒருபக்கமாக வளைந்து, முனையில் எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடத்தில் உரசும்போது பெயர்ந்துவிடுகிறது. தைப்பூசத்தன்று அடிவாரத்தில் மொட்டை அடிக்கிறவர்கள் தலைக்குத் தலை புது பிளேடு மாட்டுவது சுத்தத்துக்காகத்தான். ஆனால் கூர்மைக்கும் அதுவே நல்லது. நமக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. கடினம் என்பது உறுதி அல்ல. ராக்வெல் அளவில் 60க்கு மேல் போகும் அலகு நெடுநாள் கூர் தாங்கும். ஆனால் தேங்காய் ஓட்டில் பட்டால் பெயரும். 56, 57இல் நிற்கும் அலகு மடங்கும். சாணைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். பந்தல் வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

இனி மூட்டு. நம் பாக்குவெட்டியைப் பாருங்கள் (பினாங்கு எனும் பாக்குத் தீவில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடலாமா?). அதற்கும் ஒரே ஆணிதான். பூட்டு கிடையாது, தேவையும் இல்லை. கை எந்தத் திசையில் அழுத்துகிறதோ அந்தத் திசையில்தான் அது மூடவும் வேண்டும். மடக்குக் கத்தி இதற்கு நேர்மாறு. மூடக்கூடிய ஒன்றை மூடாமல் நிறுத்திவைக்க வேண்டும். கணக்கு எளிது. அச்சாணியிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி, அலகின் முதுகில் 5 கிலோ எடைக்கு அழுத்தம் விழுகிறது என்று வையுங்கள். பூட்டு அலகைத் தாங்கும் இடம் அச்சாணியிலிருந்து 8 மில்லிமீட்டர். நெம்புகோல் பத்துக்கு ஒன்று. அந்தச் சின்ன நாக்கின்மேல் 50 கிலோ. அது வழுக்கினால் அலகு வந்து விழும் இடம் நம் விரல்.

அதனால் கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் நான் அலகைப் பார்ப்பதில்லை. திறந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்கிறேன். அச்சாணியின் தடிமனைப் பார்க்கிறேன். 3 மில்லிமீட்டர் அச்சாணி 5 ஆனால் வெட்டுவிசையைத் தாங்கும் பரப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அலகின் முதுகு 2 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆனால் விறைப்பு மும்மடங்குக்கு மேல் கூடும். அதற்காக 5 மில்லிமீட்டர் என்று ஆசைப்பட்டால் எலுமிச்சை அறுபடாது, பிளந்துபோகும்.

பூட்டு வகையில் ஆளுக்கொரு கட்சி. அமெரிக்காவின் பக் 110 கத்தி 1964இல் பிரபலமாக்கிய முதுகுப் பூட்டு வலுவானது. ஆனால் அதன் பள்ளத்தில் தேங்காய் நார் புகுந்துகொண்டால் பூட்டியதுபோல் தோன்றுமே தவிரப் பூட்டியிருக்காது. பிரான்ஸின் ஒப்பினெல் 1890இல் பிறந்தது. 1955இல் வந்த அதன் சுழல் வளையம் எளிமையின் அழகு. பீச் மரக் கைப்பிடிதான் பாடாய்ப் படுத்தும். நம் ஊர் மழைக்கு மரம் ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். எனக்குச் சரிப்பட்டது கைப்பிடியின் உட்தகடே பக்கவாட்டில் வந்து முட்டுக்கொடுக்கும் வகை. முதுகு திறந்திருக்கும், குழாயில் காட்டினால் அழுக்கு ஓடிவிடும்.

எந்தப் பூட்டானாலும் டுரியானுக்கு ஆகாது. பாலிக் பூலாவ் பழம் வந்த ஒரு ஜூன் மாதத்தில், என் பழைய கத்தியின் நுனியை நானே ஒடித்தேன். டுரியான் வெட்டித் திறக்கும் பழமில்லை. அடியில் சந்துக்கோடு கண்டு, குத்தி, முறுக்கிப் பிளக்க வேண்டும். முறுக்கும் விசை மூட்டில் பக்கவாட்டாக இறங்கும். மடக்குக் கத்தி மிகவும் பலவீனமாக இருப்பது அந்தத் திசையில்தான். வியாபாரிகள் கையில் மடங்காத குட்டைக் கத்தி இருப்பது சும்மா இல்லை.

பூட்டே இல்லாத வழியும் உண்டு. ஜப்பானில் மிகி நகரத்து 'ஹிகோனோகாமி' கத்தியில் அலகின் வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அதை அமுக்கிப் பிடிப்பதுதான் பூட்டு. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. 1960இல் அரசியல் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையிலேயே வாளால் குத்திக் கொல்லப்பட்டபின், பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்று இயக்கம் கிளம்பியது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியது ஒரே குடும்பம். பிடித்த கத்தி நின்றுபோவதற்கு இப்படியும் காரணம் வரும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறைவரை போகும். எலுமிச்சை அறுக்கத்தான் என்று தைப்பூசக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. புதுக் கத்தி பந்தல் பெட்டியில் சாமான்களோடு பூட்டிப் போகிறது, பெட்டியிலேயே திரும்பி வருகிறது.

வாங்கியது என்னவோ சாதாரணக் கத்திதான். 14 விழுக்காட்டை ஒட்டிக் குரோமியம், 3 மில்லிமீட்டர் முதுகு, நைலான் கைப்பிடி, இருநூறு வெள்ளிக்குள் விலை. தறைந்த ஆணிக்குப் பதில் எல்லாம் திருகாணி, அதற்காகத்தான் வாங்கினேன். இந்தப் பூசம் முடிந்த மறுநாள், பழைய 'மலேசிய நண்பன்' தாளை விரித்து, கத்தியை முழுக்கப் பிரித்துப்போட்டேன். அச்சாணியில் துரு இல்லை. கைப்பிடி இடுக்கில் மட்டும் ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது.