இந்தச் சாளரத்தின் பெயர் என்ன?

லினக்ஸில் நான்கு டெர்மினல் சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 'டிடிஒய்' என்று தட்டிப் பாருங்கள். ஒன்று '/டெவ்/பிடிஎஸ்/0' என்று காட்டும். அடுத்தது '/டெவ்/பிடிஎஸ்/1' என்று காட்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு.

1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. அன்று டெர்மினல் என்றால் டெலிடைப். திரையே கிடையாது, எல்லாம் காகிதத்தில் அச்சாகும். அக்காலத்தில் பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். இப்படிப் பல பொறிகள் கம்பி வழியாக ஒரே கணினியில் இணைந்திருந்தன. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அவை ஒவ்வொன்றையும் 'டெவ்' அடைவுக்குள் ஒரு கோப்பாக வைத்தார்கள். கணினி வரலாற்றின் மிக அழகான முடிவுகளில் ஒன்று இது என்பேன். கோப்பு என்றால் எழுதலாம் அல்லவா? முதல் சாளரத்தில் 'எக்கோ வணக்கம் > /டெவ்/பிடிஎஸ்/1' என்று கொடுங்கள். வணக்கம் இரண்டாவது சாளரத்தில் தோன்றும்.

இன்று டெலிடைப் இல்லை. டெர்மினல் நிரல் ஒரு முனையையும் ஷெல் மறுமுனையையும் பிடித்துக்கொள்ள, நடுவில் கெர்னல் ஒரு போலி டெர்மினலை நடத்துகிறது. ஒரே சாளரத்துக்குள் பல டெர்மினல்களை நடத்தும் டீமக்ஸ் நிரலுக்குள் போனால் வேறு எண் வருவது இதனால்தான். அது தனக்கென்று புதிய போலி டெர்மினல்களை உருவாக்கிக்கொள்கிறது.

'டிடிஒய்' பார்ப்பது தன் உள்ளீட்டை மட்டுமே. உள்ளீடு பைப் வழியாகவோ கோப்பிலிருந்தோ வந்தால், 'நாட் எ டிடிஒய்' என்று சொல்லி 1 என்ற குறியீட்டோடு முடியும். எதிரில் ஆள் இருக்கிறாரா என்று ஸ்கிரிப்டுகள் இதை வைத்தே ஊகிக்கின்றன. 'எல்எஸ்' தன் வெளியீட்டைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்கிறது. அதனால்தான் திரையில் பல பத்திகளாக வரும் பட்டியல், கோப்புக்குத் திருப்பிவிட்டால் வரிக்கு ஒரு பெயராக மாறுகிறது.

எண் இல்லாத '/டெவ்/டிடிஒய்' வேறு வகை. எந்த நிரல் அதைத் திறந்தாலும், அந்த நிரலை ஆளும் டெர்மினலே கிடைக்கும். உள்ளீடு பைப்பில் இருக்கும்போதும் எஸ்எஸ்எச் உங்களிடமே கடவுச்சொல் கேட்பது இந்த வழியில்தான். 'டெர்ம்' என்ற மாறியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது டெர்மினலின் வகையைச் சொல்லுமே தவிர, எந்த டெர்மினல் என்று சொல்லாது.

நீண்ட வேலையைத் தொடங்கும் முன் 'டிடிஒய்' தந்த பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சாளரம் உறைந்துபோனால், வேறொன்றிலிருந்து 'பிஎஸ் -டி பிடிஎஸ்/1' என்று கேட்டு, அங்கே ஓடும் நிரல்களை மட்டும் பார்த்து, சிக்கியதை நிறுத்திவிடலாம்.