பாட்டைப் பற்றி எழுதுவதும் ஒரு தொழில்தான்



படிவம் 5இல் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், எனக்குப் பாட்டுன்னா உயிர். ஆனா பாட வராது. தமிழ்ல கொஞ்சம் நல்லா எழுதுவேன். இத வச்சு என்ன வேலைக்குப் போறது?" அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. "முதல்ல எஸ்.பி.எம். முடிப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

இசையைப் பற்றி எழுதுவது தனித் துறை. இதழில் விமர்சனம், நேர்காணல் என்று தொடங்கி, கலைஞரின் வாழ்க்கை வரலாறு, ஓர் ஊரின் இசை வரலாறு என்று நூல்வரை போகலாம். தமிழில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு.

மூன்று பேர், மூன்று வழி

முதலாமவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' எழுதியவர் என்றுதான் நமக்குத் தெரியும். அவர் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதினார். ராகம், தாளம் தெரியாத வாசகருக்கும் புரிகிற நடை. 1941இல் 'கல்கி' இதழைத் தொடங்கிய பிறகும் இசையை விடவில்லை. தமிழ்ப் பாடல்களுக்கும் கச்சேரி மேடையில் இடம் வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்துக்காகத் தொடர்ந்து எழுதினார்.

இரண்டாமவர் சுப்புடு. இயற்பெயர் பி.வி. சுப்பிரமணியம் (1917–2007). ரங்கூனில் இருந்தவர். ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது, 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போனவர்களில் ஒருவர். டில்லியில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டே தமிழ் இதழ்களிலும் 'ஸ்டேட்ஸ்மேன்' ஆங்கில நாளிதழிலும் விமர்சனம் எழுதினார். பெரிய வித்துவான்களும் அவர் பேனாவுக்குப் பயந்தார்கள். அவருக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும். குறை சொல்லும்போது எந்த இடத்தில் தவறு என்று காட்டத் தெரியும்.

மூன்றாமவர் நம்மைப் போல ஒரு தமிழாசிரியர், உ.வே. சாமிநாதையர். இளமையில் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச காலம் இசை படித்தார். அவருடைய தமிழாசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை; இசைப் பாடம் நின்றது. ஆனால் காதில் விழுந்தது வீணாகவில்லை. பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாற்றையும் நூல்களாக எழுதினார். அவருடைய தந்தையே கனம் கிருஷ்ணையரின் மாணவர். வீட்டில் கேட்டதை எழுத்தில் வைத்ததால்தான் இன்று நமக்குப் பல செய்திகள் கிடைக்கின்றன.

இவர்களில் யாரும் இசை எழுத்தை மட்டும் நம்பிச் சாப்பிடவில்லை. ஒருவர் இதழாசிரியர், ஒருவர் அரசு ஊழியர், ஒருவர் கல்லூரி ஆசிரியர். மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டில் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழே 2019இல் நின்றுவிட்டது. ஆகவே கையில் ஒரு வேலை, கூடவே விடாத எழுத்து. இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

பேராக்கிலேயே ஒரு கதை

இசை வரலாறு என்றால் சென்னை, தஞ்சாவூர் என்று நினைக்க வேண்டாம். 'நெகாராகூ' மெட்டு எங்கிருந்து வந்தது? 1957இல் விடுதலைக்கு முன் நாட்டுப்பண்ணுக்காக உலக அளவில் போட்டி வைத்தார்கள். வந்தவற்றில் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். 1875இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் அதிகாரி பர்ச் கொல்லப்பட்ட பிறகு, பேராக் சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த மெட்டு அங்கே வழங்கிய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது.

இசையமைப்பாளர் சைடா ரஸ்தாம் இந்த நாட்டின் பழைய பாடல்களின் வரலாற்றை ஆராய்ந்து, 2014இல் 'ரோசாலி அண்ட் அதர் லவ் சாங்ஸ்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். ஒரு மெட்டைப் பின்தொடர்ந்தால் ஒரு நாட்டின் கதையே வரும் என்பதற்கு இது நல்ல சான்று.

எப்படித் தொடங்குவது?

மாணவர்களின் முதல் விமர்சனத்தில் பெரும்பாலும் "மிக இனிமையாக இருந்தது" என்று மூன்று முறை இருக்கும். "இனிமை" என்பது கருத்து. அதை மட்டும் வைத்துக் கட்டுரை நிற்காது. கீழே உள்ள பழக்கங்கள் வேண்டும்.

1. கேட்ட அன்றே குறிப்பு எழுதுங்கள்: யார் பாடினார், எங்கே, எந்த நாள், என்னென்ன கருவிகள். ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் உருமி மேளம் கேட்டால், குழுவின் பெயரையும் அடித்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள்.

2. ஒரு கருவியின் அடிப்படையையாவது கற்றுக்கொள்ளுங்கள். வாசிக்க வராவிட்டாலும், தாளம் எங்கே மாறுகிறது என்று காது சொல்ல வேண்டும்.

3. நேர்காணலுக்குமுன் பத்துக் கேள்விகள் தயார் செய்யுங்கள். ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். ஒருவர் சொன்ன ஆண்டை இன்னொருவரிடமும் பழைய நாளிதழிலும் சரிபாருங்கள்.

4. பாட்டு வரிகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதற்கு உரிமையாளர் உண்டு, அனுமதி வேண்டும்.

5. முதலில் பள்ளி மலர், பிறகு நாளிதழின் ஞாயிறு பதிப்பு. ஒரே பொருளில் பத்து, பதினைந்து கட்டுரை சேர்ந்தால் நூலுக்கு அடித்தளம் கிடைத்துவிடும்.

நேர்காணல், அறிக்கை, விளக்கக் கட்டுரை எல்லாம் நாம் தேர்வுக்காகப் பழகுகிற வடிவங்கள்தான். அதனால் இந்தப் பயிற்சி தேர்வுக்கும் உதவும்.

நான் செய்த தவறு

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, கிராணி பேர் கூப்பிட்டது எல்லாவற்றையும் பாட்டாகவே பாடுவார். ஒரு தீபாவளிக்குக் கைப்பேசியில் பதிவு செய்தேன். எந்தத் தோட்டத்துப் பாட்டு, யாரிடம் கற்றார் என்று கேட்கவில்லை. "அடுத்த லீவுல கேட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டேன். கைப்பேசி கெட்டுப்போனது. பாட்டியும் போய்விட்டார். தமிழாசிரியை நான், என் வீட்டுப் பாட்டையே என்னால் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும், ஆட்கள் பட்டணத்துக்குப் போன லயங்களிலும் இதே கதைதான். அங்கே பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இன்று சில முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவற்றை எழுதி வைக்கச் சென்னையிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

வகுப்புக்கு ஒரு பணி

இந்தப் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு முதியவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு வரட்டும். பாடியவர் பெயர், தோட்டம், கற்ற விதம், பாடிய சூழல் ஆகிய நான்கையும் எழுதி, 200 சொல்லில் ஒரு விளக்கக் கட்டுரை ஆக்கட்டும். பெயரை வெளியிடலாமா என்று அந்த முதியவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

முப்பது மாணவர்கள் என்றால் முப்பது பாட்டு. அதில் ஒரு மாணவர் அடுத்த வாரமும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் வகுப்பிலிருந்து ஓர் இசை எழுத்தாளர் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.